பெல் சுவிட்சின் மறுபக்கம்

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அறைகளைத் துடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்று ஐந்தாம் அறையை மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மதியம் அங்கே வரப்போவது கூடப்பிறந்த தங்கை. எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள். சாதாரணச் சளி வைரஸ் போதும், ஆளையே சாய்த்துவிடும்.

துடைத்து முடித்ததும் இன்ஜினியர் புற ஊதா விளக்கு வண்டியை உருட்டி வந்து நடு அறையில் நிறுத்தினார். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பொத்தானை அழுத்தினார்.

"ரேடியோ அலையும் இதுவும் பங்காளிங்க. ஆனா இது வைரஸோட மரபுச் சரத்தையே குலைச்சிடும். அப்புறம் அது பெருகாது, சும்மா கிடக்கும்."

"எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லுங்க."

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது. கதிர் பட்டால் மஞ்சளிலிருந்து பச்சையாகும் அட்டைகளை மேசை, தலைமாடு, கதவுப்பிடி என்று ஒட்டியிருந்தார். எல்லாம் பச்சை. படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்."

அக்கா கட்டிலின் சுவர்ப்பக்கம் குனிந்து, அங்கே தொங்கிய, நர்ஸைக் கூப்பிடும் பெல் சுவிட்சைத் திருப்பிக் காட்டினாள். அதன் பின்னால் அவளே ஓர் அட்டை ஒட்டியிருந்தாள். ஒட்டியபோது இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

"அங்க யாரு ஒட்டச் சொன்னது?"

"படுத்திருக்கிறவங்க கை முதல்ல போற இடம் சார் அது. இருபது வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"வெளிச்சம் வளைஞ்சு போகாதும்மா. நிழல்ல இருக்கிறது தப்பிச்சிடும்."

"அப்போ நீங்க வளைஞ்சு போங்க."

மனிதருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நல்லவர்; வண்டியைச் சுவரோரம் ஒரு முறை, கால்மாட்டில் ஒரு முறை நிறுத்தி ஓட்டினார். அட்டை பச்சையானது. படிவத்தில் விளக்கு நிறுத்த 'ஓர் இடம்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'மூன்று இடம்' என்று எழுதினார். இனி எல்லா அறைக்கும் இப்படித்தான் என்றார்.

மதியம் தங்கை வந்தாள். உள்ளே போக அக்காவுக்கு அனுமதியில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அரை மணிகூட ஆகவில்லை, ஐந்தாம் அறை பெல் அடித்தது. அக்கா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். நர்ஸ் ஓடிப்போய் இன்டர்காமை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்," தங்கையின் குரல் மெலிந்திருந்தாலும் குறும்பு போகவில்லை. "பெல்லு பளபளன்னு இருக்கு. முன்னாடி மட்டுமில்ல, பின்னாடியும். துடைச்சது எங்க அக்காவான்னு கேக்கத்தான் அடிச்சேன்."

"விளையாட்டுக்கெல்லாம் பெல் அடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க அவகிட்ட!" என்று அக்கா கத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.