பதினேழாவது கட்டம்

மூன்றாவது தடவையாக அந்த விசா அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் நின்ற வாட்ச்மேன் டச்சப்புக்கு வணக்கம் சொன்னார். அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது. எந்த நாற்காலியின் கால் ஆடும், எந்த மின்விசிறி சுற்றாது, எந்தக் கவுன்ட்டரில் சிரித்தால் காரியம் நடக்கும், எதில் சிரித்தால் கெடும் என்பதெல்லாம் அவனுக்கு இப்போது அத்துப்படி. கையில் டோக்கன் நாற்பத்தாறு. பலகையில் பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது.

டச்சப் என்பது அவன் பெயரில்லை. போட்டோ ஸ்டூடியோவில் பதினாறு வருடமாக அவனுக்கு ஒரே வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகத்திலிருக்கும் பரு, கரும்புள்ளி, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை எல்லாவற்றையும் துடைத்துத் தள்ள வேண்டும். முதலாளி வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவிகூட அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

மனைவி இந்த நாட்டுக்காரி. டவுன் பஸ் ஓட்டுகிறாள். பிழைப்புத் தேடி வந்த டச்சப் அவள் பஸ்ஸில் தினமும் ஏறி, தினமும் தப்பான நிறுத்தத்தில் இறங்கி, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டான். ஏழு வருடம் ஆகிறது. தமிழை அவள் கற்றுக்கொண்டது அவனிடமில்லை, போனில் அவன் அம்மாவிடம். அதனால் நாற்பதைத் தொடாத அவள் வாயில் வருவது அறுபத்தெட்டு வயதுத் தமிழ். "கண்ணு, வெறும் வயித்தோட இருக்காத" என்பாள் புருஷனைப் பார்த்து. கோபத்தில் "கட்டையில போறவனே" என்பாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்லுவாள்.

இன்றைக்கும் அவள் விடியற்காலை ஷிப்டை முடித்துவிட்டு, டிரைவர் சட்டையோடு வந்து, சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரை இறங்கும் தழும்பு, அசதியில் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. ஆறு வயதில் கண்ணாடிக் கதவில் ஓடிப்போய் விழுந்தவள்.

ஊரில் அவன் அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்து, இப்போது குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் தெரிகிறது. ஆபரேஷன் செய்தால் மிச்சம் நிற்கலாம், அந்த மிச்சமும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் கை கழுவிவிட்டார். அம்மா பிடிவாதக்காரி. "அறுக்கிறதுக்கு முன்னாடி என் மருமகள ஒரு தடவ கண்ணால பாத்துடறேன். அப்புறம் எது போனா என்ன" என்று, விசா வரும் வரும் என்று காத்திருந்து, ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு முறையும் குழாய் இன்னும் கொஞ்சம் குறுகியது. இனி ஒருநாள்கூடத் தள்ள முடியாது, இருபத்துநாலாம் தேதி என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்குத் தேதி ஒன்பது.

மனைவி என்ற முறையில் அவளுக்கு அவன் நாட்டு விசா கேட்டால், கல்யாணச் சான்றிதழை இரண்டு நாட்டிலும் முத்திரை குத்தி வாங்கவே எட்டு மாதம் ஆகுமாம். டூரிஸ்ட் விசாவே போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மாமியார் வீட்டுக்குச் சுற்றுலா போகிறவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்தச் சுற்றுலாவுக்கு முதல் விண்ணப்பம், கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வந்தது. இரண்டாவது, ஆறு மாத பேங்க் தாளுக்குப் பதில் ஐந்து மாதம் இருந்ததால் வந்தது. இரண்டையும் நிரப்பியவன், அடுக்கியவன், கிளிப் போட்டவன் டச்சப்தான்.

நாற்பத்தாறு வந்தபோது மணி பதினொன்றே கால். இரண்டாம் கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கு இவர்களை நன்றாகத் தெரியும். "வாங்க, இந்தத் தடவையாவது முடிச்சுடலாம்" என்றபடி தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கையெழுத்து கட்டத்துக்குள் இருந்தது. பேங்க் தாள் ஏழு மாதத்துக்கு இருந்தது. அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பதினேழாவது கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

பதினேழாவது கட்டம், வெளியே தெரியும் அடையாளக் குறி. டச்சப் படித்தான். "இடது கன்னத்தில் நீளமான தழும்பு."

"போட்டோல எங்க இருக்கு, காட்டுங்க."

போட்டோவில் தழும்பு இல்லை. பிறந்த குழந்தையின் கன்னம்போல மொழுமொழுவென்று இருந்தது.

பாஸ்போர்ட் எடுத்தபோது மிச்சமான படங்கள் முதல் இரண்டு தடவைக்கே தீர்ந்துவிட்டன. இந்தத் தடவை அவளை ஸ்டூடியோவுக்கே கூட்டிப்போய் டச்சப் தானே எடுத்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அறுபது அடையாள அட்டை முடித்த கையோடு இதையும் திறந்தான். திறந்தது ஞாபகமிருக்கிறது, பிரிண்ட் போட்டது ஞாபகமிருக்கிறது. நடுவில் கை என்ன செய்தது என்று அவனுக்கு ஞாபகமில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, அதே கையால், இடது கன்னத்தில் தழும்பு என்று அழகாக எழுதியும் வைத்திருக்கிறான்.

"பன்னெண்டரைக்கு கவுன்ட்டர் மூடிடுவோம். அதுக்குள்ள வேற போட்டோ எடுத்துட்டு வாங்க. டோக்கன் வேணாம், நேரா வாங்க" என்றாள் கவுன்ட்டர் அம்மாள். கல்லுக்குள்ளிருந்தும் சில சமயம் இப்படிக் கொஞ்சம் கசியும். ஆனால் டச்சப்பின் கண் மனைவி பக்கம் போனது. அவள் படிவத்தைக் கையில் எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கி அவள் முன்னால் நடந்தாள். தெருமுனையில் சிக்னலுக்கு நின்றபோதுதான் கேட்டாள்.

"எதுக்குடா அழிச்ச?"

"கை பழக்கம். சத்தியமா தெரிஞ்சு செய்யல."

"உன் கைக்கு என் மொகத்துல எப்படிப் பழக்கம்? நான் உன் ஸ்டூடியோவுக்கு வந்ததே அன்னைக்குத்தான் மொத தடவ."

பஸ் ஓட்டுகிறவளிடம் ஓரமாக ஒதுங்கித் தப்பிக்க முடியாது. கண்ணாடியில் பின்னால் வருவதையெல்லாம் பார்த்துப் பழகியவள்.

"அம்மாவுக்கு அனுப்புற படம்" என்றான்.

"எது?"

"எல்லாமே."

சிக்னல் விழுந்தது. அவள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இவர்களைச் சுற்றிப் போனார்கள்.

முதல் படம் கல்யாணத்தன்று அனுப்பியது. வேறு நாட்டுக்காரி என்பதற்கே கல்யாணத்துக்கு முன்னால் அம்மா இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள். அதோடு முகத்தில் இப்படி ஒன்று இருப்பதையும் ஏன் காட்ட வேண்டும் என்று அன்றைக்குத் துடைத்தான். ஒரு தடவை துடைத்தால் அடுத்த படத்திலும் துடைத்தாக வேண்டும். பிறகு வீடியோவில் பேசலாம் என்று அக்கா நச்சரித்தபோது, அவளுக்குக் கூச்சம் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மாவுக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசும் என்று மனைவியிடம் சொன்னான். மாமியாரும் மருமகளும் ஏழு வருடம் குரலை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தினார்கள். இதையெல்லாம் அவன் நடந்துகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, பாதி மென்று பாதி முழுங்கிச் சொல்லி முடித்தான்.

"மொத தடவ கையெழுத்து. ரெண்டாவது தடவ பேங்க் தாள்" என்றாள் அவள். "அதுவும் நீ வேணும்னு செஞ்சதா?"

"தெரியல" என்றான் டச்சப். அது பொய்யில்லை. ஒவ்வொரு தடவை விண்ணப்பம் திரும்பி வந்தபோதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் உள்ளே எங்கோ ஒரு மூலையில், அப்பாடா, இந்தத் தடவை தப்பித்தோம் என்று ஒன்று கால் நீட்டிப் படுத்ததும் நிஜம். அங்கே அம்மாவின் கண் போய்க்கொண்டிருந்தது. நினைத்தபோது அவனுக்கே தன்மீது அருவருப்பாக இருந்தது.

அடுத்த தெருவில் இருந்த போட்டோக் கடைக்காரர் வழுக்கைத் தலையர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலே கிளிக்கில் எடுத்து முடித்தார். திரையில் அவள் முகம் வந்ததும், கேட்காமலே சுட்டியைக் கன்னத்துக்கு நகர்த்தி, "இந்தக் கோடு வேணாமில்ல, எடுத்துடறேன். இதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல" என்றார்.

"அத விடுங்க" என்று டச்சப் போட்ட அதட்டலில் அவர் கை திரையிலிருந்து துள்ளி விலகியது. மனைவி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குக் கவுன்ட்டரில் புதுப் படம் ஒட்டப்பட்டது. பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தார்கள், முத்திரை விழுந்தது. அந்த முத்திரைச் சத்தத்துக்காக ஐந்து மாதம் நாயாக அலைந்திருக்கிறான். ரசீதைத் தள்ளியபடி அந்த அம்மாள் சொன்னாள், "பதினஞ்சு வேலை நாள். முப்பதாம் தேதி வந்து வாங்கிக்கங்க."

"இருபத்துநாலாம் தேதி எங்கம்மாவுக்கு ஆபரேஷன்" என்றான் டச்சப். "அதுக்கு முன்னாடி வேணும்."

"மொத தடவையே எல்லாம் சரியா இருந்திருந்தா, விசா வந்து இந்நேரம் நீங்க போயிட்டு வந்தே இருக்கலாம்" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை. தேதியைக் கணக்குப் பார்த்துச் சொன்னாள். "இதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்லீங்க."

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மனைவிக்கு இரண்டு மணிக்கு மறுபடி பஸ் எடுக்க வேண்டும். மூன்று தடவையும் இப்படித்தான், ஷிப்டை உடைத்து, பாதி பாதியாக, இன்னொருத்தியிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் ஷூவைக் கழற்றிப் பாதத்தைக் கொஞ்சநேரம் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அத்தையக் கூப்பிடு" என்றாள். "வீடியோல."

"வேணாம். நான் மட்டும் போயி, பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"டச்சப்." அவள் குரலை உயர்த்தவில்லை. "கூப்பிடு."

அக்காதான் எடுத்தாள். தம்பியோடு அவன் பெண்டாட்டியும் திரையில் இருப்பதைப் பார்த்து, வாயடைத்துப்போய், ஓட்டமாக ஓடி அம்மா கையில் போனைக் கொடுத்தாள். அம்மா அதைக் கண்ணுக்கு வெகு அருகே வைத்து, மெல்ல இப்படியும் அப்படியும் நகர்த்தி, குழாயின் நடுவுக்கு மருமகளைக் கொண்டுவந்தாள். திரையில் இந்தப் பக்கம் தெரிந்தது ஒற்றைக் கண்ணும் பாதி மூக்கும்.

"அத்தை, நான்தான்" என்றாள் மனைவி.

அந்தக் கண் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

"எப்பம்மா ஆச்சு இது?" என்றாள் அம்மா. அப்புறம் குரலைத் தாழ்த்தி, மகன் பக்கத்தில் இருப்பது தெரியாதவளைப்போல, "பயப்படாம சொல்லு. அவன் கை வச்சானா?"

ஏழு வருடத்தில் டச்சப் எத்தனையோ விதமாக இந்த நிமிஷத்தை நினைத்துப் பயந்திருக்கிறான். பெற்ற தாய் தன்னைப் பற்றி இப்படிக் கேட்பாள் என்பது மட்டும் அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

"இல்ல அத்தை. ஆறு வயசுல, கண்ணாடிக் கதவு."

"போட்டோல ஒண்ணுமே இல்லையேம்மா. அவன மறைக்காத. என் புள்ளைங்கறதுக்காக நான் விட்டுடமாட்டேன்."

மனைவி அவனைப் பார்த்தாள். தான் சொல்லப்போவதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"நான்தாம்மா அழிச்சேன்" என்றான் டச்சப். "போட்டோல. கம்ப்யூட்டர்ல வச்சு. ஏழு வருஷமா."

"எதுக்கு?"

"நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு."

"அதான் வேணாம்னு சொன்னேனே" என்றாள் அம்மா. "சொல்லியும் கட்டிக்கிட்ட இல்ல. அப்புறம் யாருக்குப் பயந்து அழிச்ச?"

எங்கோ அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கண்ணுல இருக்கறதே இத்தினிக்கூண்டு" என்றாள் அம்மா. "அத வச்சுக்கிட்டு தெனம் அந்தப் போட்டோவ எடுத்து எடுத்துப் பாத்தேன். எவளையோ பாக்க வச்சுட்டியேடா."

"அம்மா..." என்றான் அவன்.

"நீ தள்ளு" என்றாள் அம்மா. "உன் தோளு எடத்த அடைக்குது. அவள மட்டும் காட்டு."

டச்சப் எழுந்தான். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, போனை மனைவியின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தான். "கிட்ட, இன்னும் கிட்ட" என்று அம்மா சொல்லச் சொல்ல அவன் கையை நகர்த்தினான். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, கன்னத்தில் நிழல் படாதபடி நகர்ந்து நின்றான். மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி பார்த்தாள், ஒருத்தி பார்க்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் கடுத்தது. அவன் கையை மாற்றவில்லை.