இடப்பக்கக் கண்ணாடி

இருபது சக்கர வண்டி ஓட்டுகிற மனிதர், வக்கீலம்மாவின் மேசைக்கு முன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் மனைவி.

விஷயம் இதுதான். இடப்பக்கத் தெருவுக்குள் திரும்ப, நீள வண்டியை வழக்கம்போல வலப்பக்கம் ஒதுக்கி வளைத்தார். இடப்பக்கம் விழுந்த இடைவெளியில் ஒரு கார் புகுந்தது. பின்சக்கரம் அதைச் சுவரோடு நெரித்தது. காரை ஓட்டி வந்த பல் வைத்தியருக்குக் கை முறிந்தது. தப்பு லாரிக்காரர் மேல் என்று கோர்ட் சொன்னால் லைசென்ஸ் ஆறு மாதம் போகும்.

“வண்டில கூட யாரு இருந்தா?”

“யாருமில்லைங்க.”

“நான் இருந்தேன்,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு.”

“அன்னைக்குச் சும்மா இருந்ததாலதானே இந்த வினை.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. பொய்யை நான் எழுத மாட்டேன்.”

பதினோரு வருடமாக அவள்தான் அவருக்கு இடப்பக்கக் கண். வண்டி வளையும்போது அந்தப் பக்கக் கண்ணாடியில் சொந்த வண்டியின் வயிறுதான் தெரியும். அவள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். ஏதாவது வந்தால் “நில்லுங்க” என்பாள். பேசாவிட்டால் போகலாம். அன்று காலை இருவருக்கும் சண்டை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினாள். திருப்பத்தில் வாய் திறக்கவில்லை. அவரும் திருப்பிவிட்டார்.

“காரைப் பார்த்துட்டு, என் மேல இருக்கிற கோபத்துல பேசாம இருந்துட்டா. அதுக்காக இவளைக் கூண்டுல ஏத்த முடியுமா?”

மனைவி அவரையே பார்த்தாள்.

“ஒரு மாசமா இதையா மனசுல வச்சிருந்தீங்க? நான் தூங்கிட்டேன், மனுஷா.”

“தூங்கிட்டியா?”

“சண்டை போட்ட அலுப்பு. இடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன்.”

லாரிக்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கிற இடமா அது?

“தூங்கினாலும் முறைச்சாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான்,” என்றார் வக்கீலம்மா. “ஸ்டீயரிங் பிடிச்சவர்தான் பார்க்கணும். கண்ணாடியைப் பார்த்தீங்களா?”

“பார்க்கலைங்க. இவளை நம்பித் திருப்பிட்டேன். அப்படியே எழுதிக்கோங்க.”

“இடுக்குல புகுந்தது கார்க்காரர் தப்பு. அதை நான் பேசறேன். ஆனா லைசென்ஸ் தப்பாது.”

“ஆறு மாசம் இவளோட வீட்டுல கிடக்கணும்.”

“எனக்கும் அதே தண்டனைதான்,” என்றாள் அவள்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதமாகத் தொண்டையில் இறங்காத சோறு, அன்று மத்தியானம் இரண்டு தட்டு இறங்கியது.