உப்பில்லாத கஞ்சி

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மூன்று கிழமை இருக்கும்போது என் பிள்ளைகளுக்கு நல்ல குணம் பழக்குவதென்று தீர்மானித்தேன். அந்த நாட்களில் என்னிடம் நல்ல குணம் மருந்துக்கும் கிடையாது. பிள்ளைகளுக்காவது இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், எட்டு வயது நிலக்சனா, ஐந்து வயது றொமேஷ், என் கணவரின் தமக்கை றோசம்மா. வீடு றோசம்மாவுடையது. என் கணவர் அன்ரனிதாஸ் ஆடி மாதம் கொழும்புக்கு வேலை தேடிப் போனவர். ஆவணியில் சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதையை மூடிவிட்டார்கள். அவர் அங்கே, நாங்கள் எழுவைதீவில். அதே ஆவணியில்தான் றோசம்மாவின் ஒரே மகன் லியோன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டான்.

எழுவைதீவை ஒரு தரம் சுற்றி வர அதிக நேரம் எடுக்காது. அதற்குப் பிறகு எங்கே போவது? நாலு பக்கமும் தண்ணீர், தண்ணீரில் நேவி. வள்ளம் எப்போது போகலாம், எத்தனை பேர் போகலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில். பொழுது படுவதற்கு முன் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்தினால் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் றோசம்மாவின் வாயும். அவள் இடுப்பு முறிந்தவள். ஒரு கதிரையைத் தள்ளித் தள்ளித்தான் நடப்பாள். நடை போனதே தவிர வாய் போகவில்லை. தேத்தண்ணி ஆறினால் குற்றம், சுட்டால் குற்றம். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் முளையில் கட்டின ஆட்டுக்குட்டிகள் மாதிரிப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

என் தாய்வீட்டில் நத்தாருக்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. பாலன் குடிலை வெறுமையாக வைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு நல்ல காரியம் செய்யும்போதும் ஒரு வைக்கோல் போட வேண்டும். நத்தாரன்று பாலன் யேசு அதில்தான் படுப்பார். கெட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அவருக்கு முதுகு குத்தும். எழுவைதீவில் வைக்கோலுக்கு எங்கே போவது? சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் குடிலாக்கி, பக்கத்தில் காய்ந்த புல் ஒரு பிடி வைத்தேன்.

முதல் நாளே வெறுத்துப் போனேன். "அம்மா, நான் தம்பிக்குத் தண்ணி குடுத்தனான், ஒண்டு போடட்டோ?" "அம்மா, நான் அக்காவுக்கு அடிக்கேல்லை, போடட்டோ?" றொமேஷ் அதற்கும் மேலே. அக்காவை முதலில் கிள்ளுவான், பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எனக்குத் தலை வெடித்தது.

"இனிமேல் ஒருத்தரும் எனக்குச் சொல்லக்கூடாது!" என்று கத்தினேன். "வலக்கை செய்யிறது இடக்கைக்குத் தெரியக்கூடாது எண்டு யேசுநாதரே சொன்னவர். சொல்லிப்போட்டால் அது நன்மை இல்லை. செய்யுங்கோ, பேசாமல் புல்லைப் போடுங்கோ, அவ்வளவுதான்."

அது யேசுநாதருக்காகச் சொன்னதல்ல. என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், அதற்காகச் சொன்னது. ஆனால் நிலக்சனா என்னை அப்படியே நம்புகிற பிள்ளை. றோசம்மா படுக்கையிலிருந்து, "பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவ முதல் தானும் ஒரு புல்லுப் போடலாம்" என்றாள். நான் காது கேளாதது மாதிரி இருந்துவிட்டேன்.

நத்தாருக்குப் பத்து நாள் இருக்கையில் எங்களுக்குக் கொழும்புக்குப் போகக் கப்பல் பாஸ் வந்தது. மூன்று பேருக்கு. வியாழக்கிழமை காலமை வள்ளத்தில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறையில் கப்பல், திருகோணமலை, கொழும்பு. கிராம சேவகர் பாஸைத் தரும்போதே சொன்னார்: "இந்த முறை விட்டீரெண்டால் பேர் லிஸ்ட்டிலை அடியிலை போயிடும். அடுத்தது எப்ப எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்."

அந்தக் கடுதாசியை நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தீவை விட்டுப் போய்விட வேண்டும்.

பாஸுக்கு எழுதும்போது றோசம்மாவையும் கேட்டுத்தான் பார்த்தேன். "நானும் வந்திட்டால், லியோன் வந்து கதவைத் தட்டேக்கை ஆர் திறக்கிறது?" என்றாள். பக்கத்து வீட்டுக் கத்தரீனாவிடம் பேசினேன். மத்தியானச் சோறு கொண்டுவந்து தருவதாக ஒத்துக்கொண்டாள். அவள் வீட்டிலேயே ஏழு வயிறு. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது நிலக்சனா கேட்டாள். "அம்மா, மத்தியானம் கத்தரீனா அன்ரி குடுப்பா. காலமையில மாமிக்கு ஆர் குடுக்கிறது?"

"அதைப் பிறகு பாப்பம்" என்றேன்.

"மாமிக்கு அடுப்படியிலை நிக்க ஏலாதெல்லோ?"

"பேசாமல் தின்னடி."

பேசாமல் தின்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிக் கேட்கவேயில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன்.

அந்தக் கிழமை முழுக்கக் காலை வேளைகளில் நான் சங்கக்கடை வரிசையில் நின்றேன். வள்ளத்தில் எப்போதாவது வரும் மாவுக்கும் பருப்புக்கும் ஊரே அங்கேதான் நிற்கும். றோசம்மாவுக்கு ஏதாவது வாங்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று நானும் விடாமல் நின்றேன். வீடு திரும்பும்போதெல்லாம் குடிலில் புல் கூடியிருந்தது. சின்னப் பெட்டி நிறைந்து விளிம்பால் வழிந்தது. எனக்குப் பெருமை. யார் என்ன செய்தார்கள் என்று கேட்கக்கூடாதே, அதனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலமை நிலக்சனாவுக்குப் பயணச் சட்டையைப் போடக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று பின்வாங்கினாள். இழுத்துப் பிடித்து, போட்டிருந்த நீளக்கைச் சட்டையைக் கழற்றினேன். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து கிடந்தது. கொப்புளம் உடைந்து, தண்ணி வடிந்து, சட்டைத்துணி ஒட்டிப் பிடித்திருந்தது. பழைய காயம், மூன்று நாளாவது இருக்கும்.

"என்னடி இது?"

வாயைத் திறக்கவில்லை. உலுக்கினேன். அடிக்கக் கையை ஓங்கினேன். றொமேஷ்தான் பயத்தில் சொன்னான். "அக்கா மாமிக்குக் கஞ்சி காய்ச்சிறவ. நீங்கள் கடைக்குப் போகேக்கை. பானை சரிஞ்சு போச்சு. சொன்னால் நன்மை இல்லையாம்."

மூன்று நாள். அந்தக் கையோடு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். ஒரு முனகல்கூட இல்லை. நான் பழக்கின நல்ல குணம்!

"இப்ப நல்லாக் காய்ச்சுவன்" என்றாள் நிலக்சனா. "நீங்களும் தம்பியும் போங்கோ. நான் மாமியோடை நிக்கிறன்." சொல்லிவிட்டு ஓடிப்போய் றோசம்மாவின் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வெளியே கத்தரீனா, "அஞ்சலா, வள்ளம் வெளிக்கிடப் போகுது, கெதியா!" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் பிள்ளையை இழுத்தேன். கெஞ்சினேன். அறைந்தேன். நோகாத கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது இறுகியது. கடைசியில் நிலத்தில் குந்தியிருந்து நானும் அழத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்துவிட்டது, வள்ளம் போகும், பேர் அடியில் போகும், இந்த இரண்டு அறைக்குள்ளேயே நான் செத்துப்போவேன்.

அப்போதுதான் றோசம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள்.

"உன்னை ஆரடி காய்ச்சச் சொன்னது?" என்றாள் பிள்ளையைப் பார்த்து. "உப்பில்லை, ஒண்டுமில்லை. பண்டியும் குடிக்காது. நீ அங்காலை போனாப்பிறகு நாய்க்கு ஊத்தினனான். இந்தச் சனியனை நான் எப்பிடி நாள் முழுக்கப் பாக்கிறது? எனக்கு வேண்டாம். கொண்டு போ!"

நிலக்சனா நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்த்தாள். றோசம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் கை தானாகவே விட்டது.

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. அந்தக் கிழமை முழுக்க அவளுடைய கோப்பை வழித்து நக்கினது மாதிரிச் சுத்தமாக இருந்ததை நான்தான் கழுவியிருக்கிறேன். நான் றோசம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பாராமல், "நிண்டு என்னத்தைப் பாக்கிறாய், போவன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒன்பது வருடம் அவளோடு சண்டை பிடித்தவள் நான். காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, றொமேஷையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வள்ளத்தில் நிலக்சனா அழவில்லை. மடியில் இருந்தபடி கரையையே பார்த்தாள். வெந்த கைக்கு என் ஈரச் சீலைத்தலைப்பைச் சுற்றியிருந்தேன்.

"அம்மா, மாமிக்கு என்னைப் பிடிக்காதோ?"

கரை இன்னும் கிட்டத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை குதித்துவிடும். றோசம்மா செய்ததை அவளிடம் சொல்லி அதைக் கெடுக்கவும் எனக்கு உரிமை இல்லை.

"ஓம்" என்றேன். "பிடிக்காது."

அவள் மறுபடி கரைப் பக்கம் திரும்பினாள்.

"பிடிக்காட்டிலும் பசிக்குந்தானே அம்மா" என்றாள்.