உடனே வெளியே வரவும்

வானதி அப்பாவின் தாடையை வேட்டிக் கிழிசலால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. முடிச்சை விட்டால் வாய் திறந்துவிடும். ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்தாள்.

"அக்கா, திண்டிவனத்துல காபி குடிச்சுக்கிட்டிருக்கேன். அப்பா எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு."

"எனக்குத் தெரியும். நீதான் நாலு மணிக்குப் போன் பண்ணி அலறின. மத்தியானம் எழுந்திரிச்சு ரவா தோசை கேப்பாரு பாரு."

தம்பி பரணிதரனைக் குறை சொல்ல முடியாது. அப்பா இராஜாங்கம் இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை சாகக் கிடந்தவர். மூன்று முறையும் உறவுக்காரர்கள் பஸ் பிடித்து, ரயில் பிடித்து, ஒருவர் டிராக்டரே பிடித்து வந்து சேர்ந்தபோது, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரவா தோசை தின்றுகொண்டிருந்தார். அதுவும் மாயவரத்திலிருந்து வரவழைத்த ரவா தோசை. மூன்றாம் முறை வந்தவர்களுக்குக் கோபமே வந்துவிட்டது. நான்காம் முறை, இன்று காலை ஐந்தரைக்கு, யாரையும் ஏமாற்றாமல் போய்விட்டார்.

தம்பி சென்னையிலிருந்து தனியாகக் காரோட்டி வருகிறான். சேதி தெரிந்தால் எந்த லாரியின் கீழே போவானோ. வீடு வந்து சேரும்வரை சொல்வதில்லை என்று வானதி முடிவெடுத்தாள். ஆனால் குத்தாலத்தில் ஒரு சாவுச் சேதியை ஆறு மணி நேரம் மூடிவைப்பது, மேட்டூர் திறந்த தண்ணீரை உள்ளங்கையால் மறிப்பது மாதிரி. வாசலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

"ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. பரணிக்கு யாரும் போன் பண்ணாதீங்க."

பெரியப்பா மகன் தியாகராசன் ரோஜாப்பூ சுற்றிய அஞ்சலிப் படம் ஒன்றை ஆறு மணிக்கே தயார் செய்திருந்தான். அதில் அப்பா கண் சிமிட்டினார், இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது, மேலே புறா பறந்தது. அழித்துவிட்டேன் என்று வானதியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தன் தலையில் அடிக்க அவனுக்குப் பயம்.

வேடிக்கை என்னவென்றால், சேதியை மூடிவைப்பது அந்த வீட்டின் குலத்தொழில். தெருமுனையிலிருந்த பொன்னி டாக்கீஸில் இராஜாங்கம் முப்பத்தெட்டு வருடம் ஆபரேட்டர். கீற்றுக் கொட்டகையாகப் பிறந்து, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக்கொண்ட தியேட்டர். மழை பெய்தால் வசனம் கேட்காது. ஜனங்கள் உதட்டசைவைப் பார்த்துத் தாங்களே வசனம் பேசிக்கொள்வார்கள்; அசல் வசனத்தைவிட அது நன்றாக இருக்கும். காமெடிக்கு எழுந்த சிரிப்பில் கோடியக்கரைப் பறவைகள் ஒருமுறை எழும்பி உட்காரும்.

செல்போன் இல்லாத காலம். வீட்டில் ஏதாவது ஒன்றென்றால் ஆள் தியேட்டருக்கு ஓடி வருவான். இராஜாங்கம் கரி பூசிய கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறி, திரையில் காட்டுவார்: 'இன்னார் உடனே வெளியே வரவும்.' பிள்ளை பிறந்தாலும் அதே வாசகம். மாமனார் போனாலும் அதே வாசகம். நேரம்தான் வேறு. பிறப்பென்றால் அந்த நிமிடமே ஸ்லைடு. சாவென்றால், ஓடுகிற காமெடி முடிந்த பிறகுதான்.

"போனவங்க இனிமே எங்கயும் போகப்போறதில்ல. காமெடி போனா திரும்ப வருமா?" என்பார்.

அந்தக் கணக்கு ஒரே ஒருமுறை தப்பியது. எதிர்வீட்டுச் செல்லதுரையைத் தேடி வந்த ஆள் அழுத அழுகையைப் பார்த்து, அவருடைய அம்மா போய்விட்டாள் என்று இராஜாங்கமே தீர்மானித்துக்கொண்டார். இருபது நிமிடம் ஸ்லைடு போடவில்லை. அம்மா அப்போது போயிருக்கவில்லை. இருபது நிமிடமும் மகனைக் கேட்டுக்கொண்டே கிடந்து, அவர் ஓடிவந்து வாசல்படி ஏறுவதற்குள் கண்ணை மூடினாள்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. முப்பத்திநாலு வருடம். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு வீட்டில் கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடையில் தியேட்டரும் மூடியாயிற்று. நாற்காலிகள் சலூன்களுக்குப் போயின. தரை டிக்கெட் பகுதியில் உர மூட்டைகள் வந்து உட்கார்ந்தன. டிக்கெட் கொடுத்த பொந்தில் ஓர் ஆந்தைக் குடும்பம் இன்றைக்கும் ஹவுஸ்ஃபுல். திரையை மட்டும் செல்லதுரை கேட்டு வாங்கிக்கொண்டார். களத்தில் விரித்து, அதன்மேல் நெல் காயப்போட்டார். குறுவைக்கும் சம்பாவுக்கும் காலால் துழாவும்போது தேவைக்கு மேலேயே மிதித்தார் என்பது ஊர்ப்பேச்சு.

பத்து மணிக்கு வெயில் ஷாமியானாவைத் தாண்டி, அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சில் ஏறியது. அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் பேச்சு நின்றது. செல்லதுரை தோளில் ஒரு வெள்ளைச் சுருளோடு தெருவை நடந்து கடந்தார். பத்தடித் தெரு. யார் முகத்தையும் பார்க்காமல் தியாகராசனிடம், "ஒரு பக்கம் பிடி" என்றார்.

களத்தில் கிழிந்தது போக மிஞ்சிய பாதித் திரை. ஷாமியானாவின் விளிம்பிலிருந்து வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். தியேட்டரில் பின்னாலிருந்த ஸ்பீக்கரின் சத்தம் வெளியே வருவதற்காக அதில் ஆயிரக்கணக்கான பொடி ஓட்டைகள். அவற்றின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக இராஜாங்கத்தின் முகத்தில் விழுந்தது.

"பரணி எங்க வர்றான்?" என்றார் செல்லதுரை.

"சிதம்பரம் தாண்டியிருப்பான் மாமா."

"அவனுக்குத் தெரியுமா?"

வானதி இல்லையென்று தலையாட்டினாள்.

செல்லதுரை தோள்துண்டை உதறினார். "அப்பன் புத்தி."

"தனியா ஓட்டிக்கிட்டு வர்றான். முனை திரும்புற வரைக்கும்தான் மாமா."

"எனக்கும் காமெடி முடியிற வரைக்கும்தான்னு நெனச்சாரு உங்கப்பா. அங்க எங்கம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்திருந்தவன் தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். அந்தச் சிரிப்பை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, சொல்லு?"

வானதி அப்பாவின் தாடைக் கட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"மறைக்க நீ யாரு? போன் வந்தா எங்கிட்ட குடு. நான் சொல்றேன் அவன்கிட்ட."

அரைமணி கழித்துப் போன் வந்தபோது, நாகம்மாள் பெரியம்மா வானதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாகம்மாள் கட்டினால் நான்கு பேர் வந்துதான் பிரிக்க வேண்டும். நாற்காலியில் கிடந்த போனைச் செல்லதுரை எடுத்தார். வானதி கையை நீட்டினாள், எட்டவில்லை.

"அக்கா! மாயவரம் வந்துட்டேன்!" பஸ் ஹாரன்களுக்கு மேலே பரணி கத்தியது வானதிக்கே கேட்டது. "ரவா தோசை ரெண்டு கட்டியாச்சு. கெட்டிச் சட்னி தனியா. அப்பாவ எழுப்பி உக்கார வையி. என்னமா நடிக்கிறாரு மனுசன், இந்தத் தடவை அவார்டே குடுக்கலாம். இருபது நிமிஷத்துல வந்துடுறேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு அது, விட்டு விட்டு வரும்.

செல்லதுரை வாயைத் திறந்தார். அவர் சேதியே சொல்ல வேண்டியதில்லை, ஹலோ என்றாலே போதும். அவர் குரல் இந்த வீட்டுப் போனில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வானதி அவர் உதட்டையே பார்த்தாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

செல்லதுரை வாயை மூடினார். இரண்டு எட்டு நடந்து வந்து, போனை அவள் காதில் வைத்தார்.

"மெதுவாவே வாடா" என்றாள் வானதி. "இருபது நிமிஷம் ஆனா ஆகட்டும்."

போனைத் தந்துவிட்டு அவர் நேராக வாசல் ஓரத்துக்குப் போனார். தப்புக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றி, அப்போதுதான் முதல் அடிக்குக் குச்சியை ஓங்கியிருந்தார்கள்.

"நிறுத்துங்கப்பா. சத்தம் ரோடு வரைக்கும் போகும். பிள்ளை வரட்டும். போயி டீ குடிங்க."

"டீ குடிச்சாச்சுங்க."

"இன்னொண்ணு குடிங்க."

அப்புறம் அந்தத் தெரு இருந்த இருப்பைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாகம்மாள் பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காக்கைகூடக் கரைவதற்கு முன் ஒருமுறை யோசித்தது. செல்லதுரை பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையின் மடிப்பிலிருந்து ஒரு நெல்மணி உதிர்ந்து இராஜாங்கத்தின் கன்னத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, விரல் நுனியால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார் டாக்கீஸ் முனையில் திரும்பியது. திரும்பிய வேகம் பாதியில் குறைந்து, தெரு நடுவிலேயே நின்றது.

பரணிதரன் பொட்டலத்தோடு இறங்கினான். ஷாமியானாவைப் பார்த்தான். தப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பவர்களைப் பார்த்தான். அப்புறம், தங்கள் வீட்டு வாசலில் எழுந்து நிற்கும் செல்லதுரையைப் பார்த்தான். அதற்குமேல் கால் வரவில்லை.

செல்லதுரை போய் அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். வானதி தம்பியின் தோளைப் பிடித்து அழைத்துவந்தாள். பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்லதுரை அதைத் திரைக்குக் கீழே இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றார். புள்ளி புள்ளியாக அதன்மேலும் வெயில். உள்ளே இலை வெந்த வாசனை. சூடு இன்னும் ஆறவில்லை.

தப்புக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.