காது மிஷினை அணைத்த யூனிஸ்

1979 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, திருத்தணி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த உயர்நிலைப் பள்ளியில் சத்தம் நின்றுபோனது. மணி ஆடியது, கேட்கவில்லை. ஆசிரியர்கள் வாயசைத்தார்கள், கேட்கவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்தால் பஸ் ஹாரனும் பூக்காரியின் கூவலும் வழக்கம்போலக் காதில் விழுந்தன. உள்ளே வந்தால் ஒன்றுமில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எட்டாம் வகுப்பில் படித்த யூனிஸுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அம்மா மார்த்தாள் ஆஸ்பத்திரி ஆயா. மெட்ராசுக்கு எட்டுத் தடவை ரயிலேறி அலைந்து மகளுக்குக் காது மிஷின் வாங்கி வந்திருந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, நெஞ்சில் தொங்கும் துணிப்பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். காதிலிருப்பது நெகிழ்ந்தால் 'கூ' என்று ஊளையிடும். ஊளையிடும்போதெல்லாம் வகுப்பு சிரித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"இந்தப் பொட்டியக் கழட்டி ஆபீஸ் பீரோல வச்சிடும்மா. அது கூவிகினே இருக்குது. மத்த புள்ளைங்க படிக்க வாணாமா?"

"கழட்டுனா எனக்கு ஒண்ணுமே கேக்காது சார்."

"கேக்கலன்னா என்ன? இத்தினி வருசம் கேட்டுகினா இருந்த?"

யூனிஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். "அப்போ யாருக்கும் கேக்க வாணாம்" என்று சொல்லி, பெட்டியின் பொத்தானைத் திருப்பினாள். அந்தப் பள்ளியில் அடுத்த பன்னிரண்டு நாட்களுக்குக் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

முதல் இரண்டு நாள் ஆசிரியர்கள் கத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கணக்கு வாத்தியார் நாகேந்திரன் பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதினார். பலகையைப் பார்த்தபடியே பேசினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. திரும்பி நின்று, வாயைத் திறந்து நிதானமாகச் சொன்னார். உதட்டைப் படிக்கத் தெரிந்தவள் பள்ளியிலேயே யூனிஸ் ஒருத்திதான். இடைவேளையில் மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, 'ப' எது, 'ம' எது என்று கற்றுக்கொண்டார்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும், வாக்கியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பஞ்சாட்சரம் யூனிஸின் வீட்டுக்கு வந்தார். வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் கேட்டது.

"பொண்ணுக்குப் புத்தி சொல்லும்மா" என்றார்.

"கழட்டச் சொன்னது நீங்கதானே சார்? நிறுத்திட்டா. இன்னும் இன்னா புத்தி?" என்றாள் மார்த்தாள். குரல் பயந்துதான் வந்தது, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

யூனிஸ் எழுந்து நின்றாள். "என்ன முன் பெஞ்சில உக்கார வைக்கணும் சார். எம் முகத்தப் பாத்துப் பேசணும். மிஷின் கூவுச்சின்னா நான் சரி பண்ற வரிக்கும் நிக்கணும்."

"ஒரு பொண்ணுக்காவ பள்ளிக்கூடத்தையே மாத்தணுமா?"

"ஆங் சார். மாத்துங்க."

அவர் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் பெரிய கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். பிரார்த்தனை மேடையில் ஏறிப் பத்து நிமிடம் பேசினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை, முகம் சிவந்தது. நாகேந்திரன் சைகை காட்ட, யூனிஸ் மேடைப் பலகையருகே நின்று, அதிகாரி பேசுவதை வரிவரியாக எழுதினாள். ஒழுக்கம், கடமை, நாட்டின் எதிர்காலம் என்று அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவர் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். யூனிஸ் அதையும் எழுதினாள்: 'இந்தச் செவிட்டுப் பொண்ணுக்கு டி.சி. குடுத்துத் தொரத்திடுங்க.'

நானூறு பிள்ளைகளும் படித்தார்கள். எட்டாம் வகுப்பு முதலில் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. பிறகு ஏழாவது, பத்தாவது, கடைசியில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள். நாகேந்திரனும் திரும்பினார். அதிகாரி நானூறு முதுகுகளைப் பார்த்து இன்னும் கொஞ்சநேரம் வாயசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகே அதன் உறுமல் வெளியே கேட்டதாகத் தெருக்காரர்கள் சொன்னார்கள்.

டி.சி. புத்தகத்தை எடுக்கப் போன பஞ்சாட்சரம் பாதி வழியில் நின்றார். திரும்பி வந்தார். யூனிஸின் முகத்துக்கு நேரே குனிந்து, "முன் பெஞ்சு" என்று உதடு பிரித்துச் சொன்னார்.

அவள் பொத்தானைத் திருப்பினாள். முதலில் வந்தது 'கூ' என்ற ஊளைதான். யாரும் சிரிக்கவில்லை. அவள் அதைக் காதில் சரியாக அழுத்திக்கொள்ளும்வரை பள்ளிக்கூடம் முழுவதும் நின்றது.

அதற்குப் பிறகு, செல் தீராமலிருக்க வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் அவள் மிஷினை அணைத்து வைத்தாள். அந்த முக்கால் மணி நேரம் யாருக்கும் ஒன்றும் கேட்காது. 1982இல் அவள் பத்தாவது தேறி ஆசிரியப் பயிற்சிக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை மட்டும் மாறவில்லை. இரண்டு வருடம் கழித்து மாற்றலாகி வந்த தமிழாசிரியை அம்சா முதல் வியாழனன்று பதறி ஆபீசுக்கு ஓடிவந்தாள். குமாஸ்தா தலை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த கால அட்டவணையைச் சுட்டினார். வியாழன், எட்டாவது பீரியடு: உதட்டுப் பாடம், எல்லா வகுப்பும்.