கேமரா தேர்ந்தெடுத்த புள்ளி

நான் செய்த தப்பு காலை எட்டேகாலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நேற்று நான் படம் எடுத்த பாய்லரில் பன்னிரண்டு மணிக்கு நெருப்பு வைப்பார்கள். அதற்கு எட்டடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கப் போகிறவன் என் கொழுந்தன்.

தப்பு என்னவென்று உடனே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் இருக்கிற கொஞ்ச தைரியமும் போய்விடும். நான் தொழிற்சாலைகளுக்குப் படம் எடுப்பவள். முன்பு கல்யாணங்களுக்கு எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பெண் வீட்டாரிடமும் மாறி மாறிப் பேச்சு வாங்கி அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தேன். இரும்பு "என் கன்னம் ஏன் இப்படி உப்பித் தெரியுது?" என்று கேட்காது. வருடத்துக்கு ஒருமுறை பாய்லரை ஆறவைத்து, தண்ணீரை இறக்கி, உள்ளே இருக்கும் வெல்டிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர் இன்ஜினியர். அவருக்கு முழங்கால் மடங்காது. மடங்கினாலும் தொப்பை அந்த ஓட்டைக்குள் நுழையாது. அதனால் நான் உள்ளே போய்ப் படம் எடுத்து அனுப்புவேன். அவர் மேசையில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

என் கேமராவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தால் நாற்பத்தைந்து சின்னக் கட்டங்கள் தெரியும். எந்த இடம் தெளிவாக விழ வேண்டுமோ, அந்த இடத்துக் கட்டத்தைக் கட்டைவிரலால் நகர்த்தித் தேர்ந்தெடுக்கலாம். நான் ஒற்றைக் கட்டத்தில் எடுக்கிறவள். ஆனால் வழவழவென்று தேய்த்த வெல்டிங்கில் அந்தக் கட்டத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. ஒரு கோடு, ஒரு விளிம்பு, கொஞ்சம் நிற வித்தியாசம் ஏதாவது இருந்தால்தான் கேமரா "பீப்" என்று சொல்லி நிற்கும். இல்லாவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருக்கும். காற்றில்லாத இரும்பு உருளைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்ட, அது தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. நாற்பத்தைந்து கட்டங்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, "நீயே பார்த்துக்கோ" என்று கேமராவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். அது உடனே பீப் என்றது. அப்படித்தான் நேற்று அரை மணி நேரத்தில் பன்னிரண்டு இணைப்புகளையும் முடித்துவிட்டு வெளியே வந்தேன். கேமராவின் பின்பக்கத்துக் குட்டித் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

இன்று காலை படங்களை கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கும்போது ஒன்றைச் சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். அளவுக்காக ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் காந்தக் கட்டையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்துவது வழக்கம். அது இரும்புத் தகட்டை விட இரண்டு விரல் உயரத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். அதன் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக விழுந்திருந்தன. பின்னால் இருந்த வெல்டிங் மட்டும் பவுடர் அப்பிய மணப்பெண் கன்னம் மாதிரி மழமழவென்று இருந்தது. அடுத்த படமும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. கேமரா என் ஸ்கேலைப் பன்னிரண்டு தடவை அழகாகப் படம் எடுத்திருந்தது.

இன்ஜினியருக்கு போன் செய்தேன்.

"சார், நேத்து அனுப்புன படங்களைப் பாத்தீங்களா?"

"பாத்து, கையெழுத்துப் போட்டு, அனுப்பியும் வச்சாச்சேம்மா. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல."

"அது சுத்தம் இல்ல சார். கலங்கல். ஃபோகஸ் ஸ்கேல்ல விழுந்திருக்கு. வெல்டிங் எதுவுமே தெரியல. தெரிஞ்சாத்தானே கீறல் தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரும்மா. பதினெட்டு வருஷமா ஓடுற பாய்லர். போன வருஷமும் ஒண்ணும் இல்ல, அதுக்கு முந்தின வருஷமும் ஒண்ணும் இல்ல. இப்ப நாமளே நம்ம வாயால சொல்லிக்கிட்டா, உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். அடுத்த வருஷம் ஒழுங்கா எடுத்துக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன்: அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்பதை நினைத்ததும் கொழுந்தனுக்குப் போன் அடித்தேன். பாய்லர் அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அது வாசல் பெட்டியில் கிடந்து அடித்து ஓய்ந்தது. மேனேஜரும் எடுக்கவில்லை. கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். "எங்க ஓடுற?" என்று குளியலறையிலிருந்து என் கணவர் கேட்டார். "உங்க தம்பியப் பாக்க" என்றேன். "அவனப் பாக்க யாராவது ஓடுவாங்களா?" என்று அவர் கேட்டது வாசல்வரை கேட்டது.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் ஊர்ந்து போனது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கை தப்பி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன். அந்த பாய்லர் வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறொரு இடத்தில், எல்லாம் முடிந்த பிறகு படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் நினைக்க முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. பாய்லர் மூடியை முடுக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டது. கொழுந்தன் என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"என்ன அண்ணி, அண்ணன் சாப்பாடு குடுத்து விட்டானா? அவ்ளோ நல்லவன் இல்லையே அவன்!"

"தண்ணிய நிறுத்து."

"என்னாச்சு?"

"நிறுத்துடா முதல்ல!"

நான் அவனை ஒருநாளும் 'டா' போட்டதில்லை. அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். நேற்று எடுத்த படங்கள் ஒன்றுக்கும் உதவாது, தப்பு என்னுடையது, மறுபடியும் உள்ளே போய் எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"சர்டிஃபிகேட் கைக்கு வந்தாச்சு மேடம்," என்றார் அவர். "இன்ஜினியர் சரின்னு சொல்லிட்டார். நீங்க படம் எடுக்கறவங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் பாய்லர நிறுத்துனா, மேல என்ன பதில் சொல்றது?"

"என் பேர சொல்லுங்க சார்."

"உங்க பேர சொன்னா நின்ன மெஷின் ஓடுமா?"

கொழுந்தன் இதற்குள் வால்வை மூடியிருந்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. "சார், பத்த வைக்கறவன் நானு," என்றான். "அண்ணி பாத்து சொல்லாம நான் வைக்கமாட்டேன். வேற ஆள வேணும்னா கூப்பிடுங்க." மேனேஜர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

தண்ணீரை இறக்கி, மூடியைத் திறந்து, காற்று ஊதி முடிக்கப் பதினொன்றரை ஆனது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தலையை முதலில் விட்டு, தோளை ஒவ்வொன்றாகச் சாய்த்து உள்ளே நுழைந்தேன். ஈர இரும்பின் வாடை. கொழுந்தன் ஓட்டை வாயில் முகத்தை வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான். எனக்கு இரண்டு பயம். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால், ஒரு நாள் வேலையைக் கெடுத்த பைத்தியக்காரி என்று பெயர் வாங்குவேன். ஏதாவது இருந்துவிட்டால் என்கிற பயத்துக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை ஸ்கேலைத் தள்ளி வைத்தேன். எல்லாக் கட்டங்களையும் அணைத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். முதல் இணைப்பு. கட்டத்தை வெல்டிங்கின் நடுவில் வைத்து பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, பிடிமானம் கிடைக்காமல் தவித்தது. தகட்டில் கொத்தியிருந்த எண்ணின் ஓரத்துக்குக் கட்டத்தை நகர்த்தினேன். பீப். எடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. முன்பு என்னை எரிச்சல்படுத்திய அந்தத் தவிப்பு இன்று காதுக்கு இனிமையாக இருந்தது. தேடட்டும், நன்றாகத் தேடட்டும். அது தேடுகிற வரைக்கும் அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்று அர்த்தம். ஏழு இணைப்புகள் அப்படிப் போயின.

எட்டாவதில் கட்டத்தை வெல்டிங்கின் நடுவில் வைத்தேன். பொத்தானில் விரல் பட்டதுமே பீப் என்றது.

தூக்கிவாரிப் போட்டது. தலை மேல் தகட்டில் இடித்தது. "என்ன அண்ணி?" என்றான் கொழுந்தன். ஈரமாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம் என்று துணியால் துடைத்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டத்தை ஒன்று வலப்பக்கம் நகர்த்தி அழுத்தினேன். பீப். இன்னும் ஒன்று வலப்பக்கம். பீப். ஒன்று மேலே நகர்த்தினேன்; லென்ஸ் தேடிக்கொண்டே இருந்தது. கீழே இறக்கினேன். பீப். வலது ஓரத்துக் கடைசிக் கட்டம் வரைக்கும் அந்தச் சத்தம் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. கட்டங்கள் தீர்ந்தன, கோடு தீரவில்லை. கேமராவையே நகர்த்தி மறுபடியும் முதலிலிருந்து பிடித்தேன். ஆறு படங்கள் எடுத்தும் இரண்டுதான் தேறின.

கயிற்றை இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தலைமுடியை விட மெல்லிய கறுப்புக் கோடு, வெல்டிங்கின் ஓரமாக ஒரு சாணுக்கும் மேல் போயிருந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு நேராகப் போய், பாய்லருக்கு வரும் எரிபொருள் குழாயைத் தன் கையாலேயே மூடிப் பூட்டினார்.

கொழுந்தன் கேமராவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இது நேத்தும் இருந்துச்சா அண்ணி?"

"இருந்துச்சு. நேத்தும் இங்கதான் இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். கீழே உட்கார்ந்துகொண்டான். உள்ளங்கையால் முகத்தைத் துடைத்து, எப்போதும் போல ஏதாவது கேலி சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. "சரி, நல்ல வேளை. நீங்க வந்தீங்க," என்றான். பிறகு, ஏதோ பேச வேண்டுமே என்று கேட்கிற மாதிரி, "இந்த பாய்லர் ஒண்ணத்தானே அண்ணி அப்படி எடுத்தீங்க?" என்று கேட்டான்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு சலவை நிலையத்து பாய்லரைப் படம் எடுக்கப் போயிருந்தேன். எனக்குப் பொறுமை போனது அங்கேதான், மூன்றாவது இணைப்பில். அன்று திறந்துவிட்ட கட்டங்களை நான் மூடவேயில்லை. மீதி பதினொன்றையும் கேமராவின் பொறுப்பில் எடுத்து அனுப்பினேன். இன்ஜினியர் அதற்கும் கையெழுத்துப் போட்டார். மறுநாளே நெருப்பு வைத்துவிட்டார்கள். அங்கே சுவருக்கு இந்தப் பக்கம் பாய்லர், அந்தப் பக்கம் வரிசையாக இஸ்திரி மேசைகள், முப்பது பெண்கள். காலை எட்டேகாலிலிருந்து இந்த நிமிடம் வரைக்கும் அவர்களில் ஒருத்தியின் முகம்கூட எனக்கு நினைவு வரவில்லை. என் வீட்டு ஆள் எட்டடியில் உட்கார்ந்திருந்த பாய்லருக்கு மட்டும்தான் நான் பயந்திருந்தேன்.

வாசல் பெட்டியில் போட்டிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். துருவும் ஈரமும் அப்பிய விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்து மறுபடியும் அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சலவை நிலையத்து சூப்பர்வைசர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்! பாய்லர் பிரமாதமா ஓடுது. நல்லா இருக்கீங்களா?"

அவர் குரலுக்குப் பின்னால் நீராவி சீறும் சத்தம். அதற்கும் பின்னால் யாரோ ஒரு பெண் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹலோ? மேடம்? கேக்குதா?"

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க," என்று கத்தினேன். "காரணம் அப்புறம் சொல்றேன் சார். முதல்ல அந்தப் பொண்ணுங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க!"