வழிதவறி வந்த ஈ

மூன்றாம் முறையும் அதே முடிவுதான் வந்தது. ஆராய்ச்சிக்காரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து மரத்துப் போயிருந்தது.

பழ ஈக்களில் இரண்டு வகை. ஒன்று அந்தப் பக்கத்தில் எங்கும் இருப்பது. இன்னொன்று கண்ணில் பட்டால் பழ ஏற்றுமதியே நின்றுவிடும். முதுகுக் கோடு, இறக்கைக் கறை எல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றுதான். மரபணுவைப் பார்த்தால்தான் யார் எவர் என்று பிடிபடும். அவளுடைய அக்காவின் மாந்தோப்பில் அழுகிய பழங்களிலிருந்து வெளிவந்தவற்றில் பாதி இரண்டாவது வகை.

அக்காவே போனில் கூப்பிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"அதேதான்க்கா."

"எங்கேயிருந்தோ ஒண்ணு ரெண்டு வழிதவறி வந்திருக்கும். அப்படியே எழுதிடேன். மருந்தடிச்சிட்டு மறுபடி அனுப்ப விட்டுடுவாங்க."

"வழிதவறி வந்ததுன்னா எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கும்க்கா. இதுங்க அப்படியில்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத எத்தனையோ குடும்பம். ரொம்ப காலமா இங்கேயே பெருகியிருக்கு."

"ஈயோட குடும்பமெல்லாம் தெரியுது. உன் குடும்பம் கண்ணுக்குத் தெரியல!"

அக்கா போனை வைத்துவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லாமல், தங்கை உள்ளதை உள்ளபடி எழுதி அரசுக்கு அனுப்பினாள்.

வட்டாரம் முழுக்க ஏற்றுமதி நின்றது. பெட்டி பெட்டியாகப் பழம் உள்ளூரிலேயே அடிமாட்டு விலைக்குப் போனது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் முழி பிதுங்குறேன்" என்றாள் அம்மா.

ஆராய்ச்சிக்காரிக்கு ஒன்று மட்டும் புரிந்தது. தோப்புகளில் இத்தனை நாள் கட்டிவந்த பொறிகளின் வாசனை முதல் வகையை மட்டுமே இழுத்திருக்கிறது. மற்றது சாவகாசமாகப் பழத்துக்குள் முட்டையிட்டிருக்கிறது. அடுத்த பருவத்தில் அவள் வேறு வாசனைப் பொறிகளுடன் தோப்புக்குப் போனாள். அக்கா 'வா' என்று சொல்லவில்லை; 'போ' என்றும் சொல்லவில்லை.

பொறிகளில் ஈக்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. பழம் முக்கால்வாசி தேறியது.

கவிழ்த்துப் போட்ட கூடைமேல் அக்கா உட்கார்ந்தாள்.

"இனிமே வெளியே அனுப்ப விடுவாங்களா?"

"இப்போதைக்கு விடமாட்டாங்கக்கா. வருஷக்கணக்காகும்."

"ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்ல வராதாடி உனக்கு?"

அக்கா சிரித்தாளா, சலித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. கூடையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கிற கழுத்தை அவள் தோளில் சாய்த்தாள்.